ஏழாம் ஆணி

பதிவு 1
நாள் 112, காலை 7.10

நீர்மட்டம் மூன்று மீட்டர். வெளியே மைனஸ் எழுபத்தொன்று. அறைக்குள்ளே பதினெட்டு. தொட்டியின் விளிம்பைச் சுற்றி அடித்திருக்கும் எட்டு ஆணிகளின் உயரத்தையும் அளந்தாயிற்று. எட்டும் ஒன்றுபோல இரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருக்கின்றன. அடியில் புதைத்த நான்கு அழுத்தமானிகளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. புதுத் தொட்டி முதல் தண்ணீர் குடித்ததும் இப்படித்தான் உட்கார வேண்டும், பந்தியில் சம்பந்தி உட்காருவதுபோல, அசங்காமல்.

இதைப் படிக்கப் போகிறவர் யாரென்று தெரியாது. ஆகவே அறிமுகம். பெயர் தாணுலிங்கம். சொந்த ஊர் நாகர்கோவில். வயது ஐம்பத்திரண்டு. அடித்தளப் பொறியாளர். இந்த மண் இவ்வளவு சுமைதான் தாங்கும், இதற்கு மேல் ஏற்றாதே என்று சொல்வது என் வேலை. அதை யாரும் கேட்காமல் இருப்பது மற்றவர்களுடைய வேலை. இரண்டு தரப்பும் முப்பது வருடமாக ஒழுங்காக வேலை பார்க்கிறோம்.

இடம்: செவ்வாய், வடக்குச் சமவெளி. முப்பது கிலோமீட்டர் தள்ளி எங்கள் குடியிருப்பு இருக்கிறது. முந்நூறு பேர். அதற்கு மருதம் என்று பெயர் வைத்தார்கள். ஒரு புல் கிடையாது, மருதம். பெயர்சூட்டுக் குழுவில் ஏழு பேர் இருந்தும் ஒருவர்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் இருப்பது பனிச் சுரங்க வளாகத்தில், தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு தகர அறையில், தனியாக. சுரங்கத்திலிருந்து பனியை எடுத்து உருக்கித் தொட்டியில் நிரப்புகிறோம். குளிர்காலத்தில் உருக்காலை ஓடாது. ஆகவே இந்தத் தொட்டியில் சேருவதுதான் குளிர்காலம் முழுவதற்கும் ஊருக்குத் தண்ணீர்.

பன்னிரண்டு மீட்டர் உயரத் தொட்டியை ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. மூன்று மீட்டர் நிரப்பு, பொறு, அள. மறுபடி மூன்று. மண்ணுக்குப் பாரம் சொல்லிக் கொடுக்கிற முறை இது. ஊரில், தலைமையகத்தில் இருப்பவர்களுக்கு 'நிரப்பு' மட்டும் புரிகிறது.

அளவுகளை அனுப்பியதும் தலைமையகத்துக் கணினி உடனே பதில் போட்டது: "மண் அழுத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. நன்றி." இந்த வரியை எழுதிய புண்ணியவான் வேறு வரி எழுத மறந்துவிட்டார். போன வாரம் பொழுது போகாமல் நான்கு மானிக்கும் பூஜ்யம் என்று அனுப்பிப் பார்த்தேன். பூஜ்யம் என்றால் மேலே தண்ணீரே இல்லை என்று அர்த்தம். அதற்கும் நன்றி சொன்னது.

பதிவு 2
நாள் 113, பிற்பகல் 2.40

நீர்மட்டம் ஆறு மீட்டர். ஒன்று முதல் நான்கு வரை உள்ள ஆணிகள் மூன்று மில்லிமீட்டர். ஐந்து, ஆறு, எட்டு: நான்கு. ஏழாம் ஆணி ஐந்து. இப்போதைக்குக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குறித்து வைக்கிறேன்.

ஊரிலிருந்து சரக்கு வண்டி வந்து போயிற்று. நான் கேட்டது பம்புக்கு மின்சாரக் கேபிள். வந்தது ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு ரிப்பன் ஒரு சுருள், தட்டு, கத்தரிக்கோல், பிளாஸ்டிக் மாலை இரண்டு, மின்சாரக் குத்துவிளக்கு ஒன்று. நூற்றிருபதாம் நாள் மருதத்தை நிர்வகிக்கும் டைரக்டர் சார் வந்து தொட்டியைத் தொடங்கி வைக்கிறாராம். பொருட்களைப் பத்திரமாக வைத்திருக்கும்படி மக்கள் தொடர்பு அலுவலர் இளவழகன் கைப்படச் சீட்டு எழுதியிருக்கிறார். இங்கே மிகப் பத்திரமாக இருக்கும். திருடுவதற்கு நான் ஒருத்தன்தான், எனக்கு மாலை பொருந்தாது, கழுத்து குட்டை.

கேபிள் எதற்கு என்று சொல்ல வேண்டும். இந்தத் தொட்டி முதலில் வரைந்த இடம் வேறு. அங்கே எட்டுத் துளை போட்டுப் பார்த்தோம். எட்டிலும் அசல் பாறை. அதன் மேல் மலையையே வைக்கலாம். படம் வரைந்தாயிற்று, கையெழுத்து ஆயிற்று. பிறகு டைரக்டரின் ஆலோசகர் ஒருவர், தண்ணீர் ஈசானிய மூலையில்தான் இருக்க வேண்டும் என்றார். நிலத்தடித் தொட்டிக்குத்தான் ஈசானியம், மேல்நிலைத் தொட்டிக்குக் கன்னிமூலை என்றார் இன்னொருவர். இது தரைமேல் உட்காரும் தொட்டி. மேலா, கீழா? மூன்று கூட்டம் நடந்தது. செவ்வாயிலும் சூரியன் கிழக்கேதான் உதிக்கிறதா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றதும் எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தார்கள். வட்டத் தொட்டிக்கு ஏது மூலை என்று நான் கேட்டேன். வளாகத்துக்கு மூலை உண்டே என்றார்கள். தொட்டியை நாற்பது மீட்டர் வடகிழக்கே நகர்த்தினார்கள்.

புது இடத்தில் ஒரு துளையாவது போடுங்கள் என்று கெஞ்சினேன். தலைமை வடிவமைப்பாளர் சபேசன் சிரித்தார். முப்பத்தைந்து வயது, நல்ல பல்வரிசை. "நாப்பது மீட்டர்ல மண்ணு மாறிடுமா சார்? ஒரே கிரகம்தானே?" என்றார். சபேசன் தினமும் டைரக்டரோடு பாட்மின்டன் ஆடுபவர். இந்த ஈர்ப்பில் பந்து தானாகவே எல்லைக்குள் மிதந்து வரும், தோற்பது லேசில்லை. அதையும் பயிற்சி எடுத்துத் தோற்கிறார் என்று கேள்வி.

நான் வாங்கிய ஒரே சலுகை, கிடங்கில் கிடந்த குளிர்க்குழாய்களைத் தொட்டியின் அடியில் பரப்ப அனுமதி. பாறை இல்லாமல் கீழே பனிமண் இருந்தால், தண்ணீரின் சூடு அதை உருக்கும். குழாயில் குளிர்நீர்மம் ஓடினால் அந்தச் சூட்டை வெளியே கொண்டு போய்விடும். குழாய் போட்டாயிற்று, பம்பும் வைத்தாயிற்று. பம்புக்கு மின்சாரம் மட்டும் 'பரிசீலனையில்' இருக்கிறது. ஒருவனுக்கு மூக்கை வைத்துவிட்டு, மூச்சு பரிசீலனையில் என்பதுபோல.

பதிவு 3
நாள் 115, காலை 9.20

நீர்மட்டம் ஒன்பது மீட்டர். ஒன்று முதல் நான்கு: நான்கு மில்லிமீட்டர். ஐந்தும் எட்டும்: ஒன்பது. ஆறு: பதினான்கு. ஏழாம் ஆணி பத்தொன்பது.

அழுத்தமானிகளில் முதல் இரண்டும் ஏறியிருக்கின்றன. கடைசி இரண்டும் இறங்கியிருக்கின்றன. சிவப்பில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். கணினி நன்றி சொன்னது. ஒரு மணி நேரம் கழித்து மனிதக் குரல் வந்தது. அப்படியே பதிகிறேன்.

சபேசன்: "தாணு சார், அழுத்தம் கொறஞ்சிருக்குன்னு போட்டிருக்கீங்க. நல்ல விஷயம்தானே? எதுக்கு செவப்புல அடிக்கோடு?"

நான்: "தண்ணி ஏற ஏற அழுத்தமும் ஏறணும், சபேசன். மேல சுமை கூடுது, கீழ மானி இறங்குது. அப்ப கீழ மண்ணு சுமைய வாங்கிக்கலன்னு அர்த்தம். மண்ணு அங்க இல்ல."

சபேசன்: "மண்ணு எங்க சார் போகும்?"

நான்: "பாதித் தொட்டி பாறையில உக்காந்திருக்கு. மீதிப் பாதி பனிமண்ணுல. உள்ள தண்ணி நாலு டிகிரி. அந்தச் சூட்டுல பனி இளகி ஆவியாப் போகுது. போன எடத்துல ஓட்டை."

சபேசன்: "நீங்க பழைய காலத்து ஆளு சார். பயம் ஜாஸ்தி. கணக்குப்படி இங்க தண்ணியோட எடையே பாதிக்கும் கீழ. மண்ணு சும்மா ஊதித் தள்ளிடும்."

அந்தக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். செவ்வாயில் எடை குறைவு என்று தண்ணீரின் எடையைக் குறைத்துப் போட்டிருக்கிறார். சரி. மண் தாங்கும் திறன் மண்ணின் சொந்த எடையையும் பொறுத்தது. அதுவும் குறையத்தானே செய்யும்? அதை மட்டும் பூமியில் இருந்தபடியே விட்டுவிட்டார். தண்ணீர் செவ்வாய்க்கு வந்துவிட்டது, மண் இன்னும் தாம்பரத்தில் இருக்கிறது.

தொட்டி முழுவதுமாக ஒரு சாண் இறங்கினால்கூட நான் கவலைப்பட மாட்டேன். எல்லாம் சேர்ந்து இறங்கினால் யாருக்கும் காயமில்லை. ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் இறங்கினால்தான் சுவரும் அடித்தகடும் சேருகிற பற்றவைப்பு கிழியும். என் கணக்கில் ஏழாம் ஆணி எழுபதைத் தொட்டால் கிழியும். கிழிந்தால் தண்ணீர் மொத்தமும் வெளியே வந்து, ஓடுவதற்குள் உறைந்து, உறைந்ததும் ஆவியாகி, வானத்துக்குப் போய்விடும். வானத்துக்குக் குழாய் இணைப்பு கிடையாது.

பதிவு 4
நாள் 116, காலை 10.50

புழுதிப் புயல் தொடங்கிவிட்டது. ஜன்னலில் செங்கல்பொடி நிறம். ஏழாம் ஆணி முப்பத்து மூன்று.

சகாயராணி ரேடியோவில் கூப்பிட்டாள். ஊரில் நீர்ப் பகிர்வைப் பார்ப்பவள். தூத்துக்குடிக்காரி. பம்ப் ஹவுஸில் அவள் வைத்ததுதான் சட்டம். டைரக்டர் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்து விட்டார் என்று இரண்டு நாள் அவர் வீட்டுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தியவள். இந்தக் கிரகத்தில் எனக்கு மரியாதை வருகிற ஆள் அவள் ஒருத்தி. என்னை அண்ணே என்பாள், திட்டும்போதும்.

சகாயராணி: "அண்ணே, சாப்ட்டியளா? ஒரு சங்கதி சொல்லுதேன், உக்காந்துக்கிடுங்க. பழைய தொட்டிய வெட்டிட்டானுவ."

நான்: "எந்தப் பழைய தொட்டிய?"

சகாயராணி: "ஊருக்குள்ள எத்தன தொட்டி இருக்கு? ஒண்ணுதான். தண்ணிய உங்ககிட்ட ஏத்தி அனுப்புனதும் தகட்ட வெட்டி வரவேற்பு வளைவு செய்யுதாங்க. டைரக்டர் வண்டி அதுக்குள்ள கூடிப் போகணுமாம். நல்லா முந்திரிக் கொத்து மாதிரி பூ வேலையெல்லாம் வச்சிருக்கானுவ."

நான்: "அப்ப இங்க ஏதாவது ஆச்சுன்னா திருப்பி அனுப்ப எடம்?"

சகாயராணி: "எங்க வாயில ஊத்துங்க. அம்புட்டுதான் எடம். உங்க தொட்டியில இருந்து குழாய் வழியா வாறதுதான் இப்ப எங்களுக்கு. குடிக்கவும் அதுதான், மூச்சு விடுறதுக்கும் அதுல இருந்துதான் பிரிச்சு எடுக்கோம். அது நின்னா மூணாம் நாளு சங்குதான். அங்க என்னண்ணே ஆச்சு?"

சொன்னேன். 

நான்: "உருக்காலை வால்வ நான் மூடப் போறேன். ஒன்பது மீட்டர் போதும். அவங்க பன்னெண்டு கேக்காங்க, போட்டோவுக்கு."

சகாயராணி: "மூடுங்கண்ணே. மூடிட்டு கைப்பிடியில ஒரு செவப்புத் துணியக் கெட்டுங்க. எங்க பம்ப் ஹவுஸ்ல செவப்புத் துணி கெட்டியிருந்தா எவனும் கைய வைக்க மாட்டான். வச்சா கைய ஒடிச்சிருவேன்னு தெரியும். விழாவுக்கு வாற வண்டியில நானும் ஏறி வாறேன். டைரக்டர்கிட்ட இங்க சொன்னா மண்டையில ஏறாது, அங்க நேர்ல காட்டிப் பேசுவோம்."

வால்வை மூடினேன். பதினைந்து நிமிடத்தில் சபேசனிடமிருந்து எழுத்துச் செய்தி: 'அனுமதியின்றி நீர்வரத்தை நிறுத்தியது குறித்து விளக்கம் தரவும்.' விளக்கமாக நான்கு பக்கம் எழுதினேன். மூன்று பக்கம் அவருடைய பல்வரிசை பற்றி. அனுப்புவதற்குள் தொடர்பு அறுந்தது. அவருக்கு நல்ல நேரம்.

பதிவு 5
நாள் 117, காலை 8.00

ஆண்டெனா கம்பம் புயலில் சாய்ந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். ஒட்ட வைக்கிற முறிவு இல்லை. இனி நான் சொல்வது எனக்கும் இந்தக் கணினிக்கும் மட்டும்.

ஏழாம் ஆணி நாற்பத்தைந்து. தண்ணீர் ஏறவில்லை, ஆனாலும் இறங்குகிறது. உள்ளே இருக்கிற சூடே போதும்.

தொட்டிக்குள் உள்ள சூடேற்றியை அணைக்கலாமே என்று கேட்பீர்கள். சபேசனே கேட்டிருப்பார். அணைத்தால் முதலில் உறைவது ஊருக்குப் போகிற வெளிக்குழாய். தொட்டி பிழைக்கும், ஊர் பிழைக்காது.

என் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்ச் சொல்லலாமே என்றால், வண்டி போன வாரமே விழாவுக்கு மெருகு போட அங்கே போய்விட்டது. நடக்கலாம். முப்பது கிலோமீட்டர், இந்தத் தொப்பையோடு, கண் தெரியாத புழுதியில். ஒரு கிலோமீட்டரில் உட்கார்ந்து, இரண்டாவதில் நினைவுத் தூண் ஆவேன். அதையும் டைரக்டர்தான் திறந்து வைப்பார்.

மிச்சம் இருப்பது அடியில் கிடக்கிற குளிர்க்குழாய். பம்புக்கு மின்சாரம் வேண்டும். உருக்காலையும் தொட்டிச் சூடேற்றியும் ஊரிலிருந்து வரும் தனி இணைப்பில் ஓடுகின்றன, அதிலிருந்து கிளை எடுக்கத்தான் கேபிள் கேட்டேன். இங்கே இருப்பது ஒரு சின்ன ஜெனரேட்டர். அது ஒன்று என் அறையின் ஹீட்டரை ஓட்டும், இல்லையென்றால் பம்பை ஓட்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டாது. மூன்று தடவை கணக்குப் போட்டேன். நான் போடும் கணக்குகள் வழக்கமாக எனக்குச் சாதகமாக வருவதில்லை, இதுவும் வரவில்லை.

பிற்பகல் 3.30

கிடங்கில் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கிடைத்தது. சுவரில் பொருத்திவிட்டேன். மேலே தள்ளினால் ஹீட்டர். கீழே தள்ளினால் பம்பு. கீழே தள்ளினேன். தொட்டியின் அடியிலிருந்து மெல்ல உறுமல் கேட்டது. பரிசீலனை முடிந்தது, உத்தரவு கையெழுத்தாயிற்று, ஒப்பம் தாணுலிங்கம்.

பதிவு 6
நாள் 118, காலை 11.15

அறைக்குள் மைனஸ் இருபத்தாறு. விண்ணுடைக்குள் இருக்கிறேன். விண்ணுடையிலும் பேட்டரி உண்டு. அதை ஏற்றுவதற்கும் அதே ஜெனரேட்டர்தான் வேண்டும். எல்லோரும் ஒரே இலையில் கை வைக்கிறோம்.

விடிந்ததும் அளந்தபோது ஏழாம் ஆணி ஐம்பத்தொன்று. வேகம் குறைந்திருக்கிறது.

மாற்றி மாற்றிப் போட்டால் என்ன என்று தோன்றியது. காலையில் கொஞ்ச நேரம் மேலே தள்ளிப் பார்த்தேன். சொர்க்கம். கால் விரல்கள் திரும்பி வந்து குசலம் விசாரித்தன. உடையின் பேட்டரியிலும் பாதி ஏறியது. வெளியே போய் அளந்தேன். அந்தச் சொர்க்கத்துக்கு ஏழாம் ஆணி மூன்று மில்லிமீட்டர் வசூலித்திருந்தது. ஐம்பத்து நான்கு. மறுபடி கீழே தள்ளிவிட்டேன்.

இனி தள்ளுவதில்லை. இதில் தியாகம் கீகம் ஒன்றும் கிடையாது, யாரும் படம் மாட்ட வேண்டாம். ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது சரியான அடித்தளம் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற வீம்பு. முப்பது வருடமாக நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை. இப்போது மண் கேட்கிறது. இந்தச் சந்தோஷத்தை வீட்டு ஹீட்டருக்கு விற்க மனசில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. தொட்டி நின்றுவிடும். நின்றால், பாருங்கள், நாங்கள்தான் சொன்னோமே என்பார்கள். நான் இதைக் காப்பாற்றக் காப்பாற்ற சபேசன் மேதாவி ஆகிக்கொண்டே போகிறார். இந்த அநியாயத்துக்கு எந்தக் குளிர்க்குழாயும் கிடையாது.

பதிவு 7
நாள் 119, காலை 7.40

அறை மைனஸ் ஐம்பத்தெட்டு. ஏழாம் ஆணி ஐம்பத்தெட்டு. எண்கள் பொருந்தியதில் ஒரு சிரிப்பு வந்தது. உதட்டில் வெடிப்பு, சிரிக்கக் கூடாது.

ஆறாம் ஆணி அசையவில்லை. எட்டு அசையவில்லை. கடைசி இரண்டு மானிகளும் கொஞ்சம் ஏறியிருக்கின்றன. மண் உறைந்து மறுபடி சுமையை வாங்குகிறது. சமத்து.

யோசித்தேன். புயல் ஓய்ந்ததும் ஆட்கள் வருவார்கள். இந்த அறைக்குள் நுழைகிற எவனும் முதலில் என்ன செய்வான்? குளிருதே என்பான். சுவரில் சுவிட்சைப் பார்ப்பான். மேலே தள்ளுவான். கீழே அரைகுறையாக உறைந்த மண் இரண்டு மூன்று நாளில் இளகிவிடும்.

எழுதி ஒட்ட வேண்டும். பேனா உறைந்துவிட்டது. மார்க்கரும் அப்படியே. ஸ்க்ரூடிரைவரால் பலகையில் கீறினேன்: தொடாதே, பம்பு நின்றால் தொட்டி போகும். கையுறையோடு கீறியது. சும்மா எழுதினாலே என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் மட்டும்தான் படிப்பார். இது கோழி கிளறினதுபோல இருக்கிறது.

சகாயராணி சொன்னது ஞாபகம் வந்தது. சிவப்புத் துணி. அறை முழுக்கத் தேடினேன். என் சட்டை நீலம், துண்டு வெள்ளை, போர்வை சாம்பல். சிவப்பு என்று இருந்தது ஒன்றுதான். இளவழகனின் பெட்டியைத் திறந்து ரிப்பனை எடுத்தேன். சுவிட்சுக்குக் குறுக்கே இழுத்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். நன்றாகக் கண்ணில் படுகிறது. வேலை பார்க்கிற எவனுக்கும் புரியும்.

அதே நாள், பிற்பகல் 1.50

அளக்க வெளியே போகவில்லை. தானியங்கி அளவு: ஐம்பத்தெட்டு.

பேட்டரி விளக்கு மஞ்சள். இப்போது சிவப்பு. சுவிட்சில் ஒரு சிவப்பு, உடையிலும் ஒரு சிவப்பு.

தூக்கம் வருகிறது. குளிரில் வருகிற தூக்கம் நல்லதில்லை என்று படித்திருக்கிறேன். படித்தவர்களை நம்பக் கூடாது என்பதும்

பதிவு 8
நாள் 119, மாலை 4

ஐம்பத்தெட்டு. நிற்கிறது.

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் சொல்வது என் வழக்கம். வீட்டில் மனைவியும் திட்டுவாள். ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு, ஆங் அடுப்பில் பால் வைத்திருந்தேன் என்பேன். முதல் பதிவிலேயே இதைப் போட்டிருக்க வேண்டும். இந்தக் கணினி பழைய பதிவைத் திருத்த விடாது. ஆகவே இங்கேயே.

சுவிட்ச் கீழே இருக்க வேண்டும். கீழே. பம்புக்குத் தனிக் கேபிள் வரும்வரை. குளிர்ந்தால் குளிரட்டும். சபேசனிடம் கேட்காதீர்கள்.

காற்றுச் சத்தம் குறைந்திருக்கிறது. நாளைக்கு வருவார்கள். சகாயராணி வருகிறேன் என்றாள். அவளுக்கு ரிப்பனைப் பார்த்ததும் புரியும். துணி கிடைக்கவில்லை தாயி, ரிப்பன்தான், அடுத்த தடவை நல்ல

பதிவு 9
நாள் 120, முற்பகல் 11.30
பதிவு செய்பவர்: இளவழகன், மக்கள் தொடர்பு அலுவலர்

புயல் ஓய்ந்ததைத் தொடர்ந்து மாண்புமிகு இயக்குநர் அவர்கள் சிறப்பு வண்டியில் வருகை தந்து புதிய நீர்த்தொட்டியைத் தொடங்கி வைத்தார்கள். தலைமை வடிவமைப்பாளர் திரு. சபேசன், புகைப்படக் கலைஞர்கள் நால்வர் உடன் வந்தனர். நீர்ப் பகிர்வுப் பணியாளர் சகாயராணிக்கு வண்டியில் இடமின்மையால் வர இயலவில்லை.

அறையில் கடுங்குளிர் நிலவியது. எனினும் விழா ஏற்பாடு முன்கூட்டியே செய்யப்பட்டிருந்தது பாராட்டுக்குரியது. சுவரில் இருந்த மின்விசைக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தது. பலகையில் காணப்பட்ட கீறல்கள் படத்தில் நன்றாக வராது என்பதால் மாலையிட்டு மறைக்கப்பட்டன. இயக்குநர் அவர்கள் பலத்த கரவொலிக்கிடையே ரிப்பனை வெட்டி, விசையை மேலே தள்ளினார்கள். அறை விரைவில் இதமானது. தவறுதலாக மூடப்பட்டிருந்த வால்வும் திறக்கப்பட்டது. ஆண்டெனா மாற்றப்பட்டது.

கடும் புயலிலும் தொட்டி அசையாமல் நிற்பதே வடிவமைப்பின் துல்லியத்துக்குச் சான்று என்று திரு. சபேசன் தம் உரையில் குறிப்பிட்டார்.

நிலையப் பொறியாளர் தாணுலிங்கம் விழா நேரத்தில் விண்ணுடையோடு மூலையில் உறங்கிக்கொண்டிருந்தார். முகக்கண்ணாடியில் பனி மூடியிருந்தது. இருமுறை அழைத்தும் எழவில்லை. விளக்கம் கோரும் குறிப்பாணை அவர் மடியில் வைக்கப்பட்டது.

முந்தைய பதிவுகள் நீளமாக இருப்பதால் பின்னர் படித்துக்கொள்ளப்படும்.

தானியங்கிப் பதிவு
நாள் 121, காலை 7.00
நீர்மட்டம் பத்து மீட்டர். ஏழாம் ஆணி: 60.
தலைமையகம்: மண் அழுத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. நன்றி.

தானியங்கிப் பதிவு
நாள் 122, காலை 7.00
நீர்மட்டம் பதினொரு மீட்டர். ஏழாம் ஆணி: 66.
தலைமையகம்: மண் அழுத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. நன்றி.

தானியங்கிப் பதிவு
நாள் 123, காலை 7.00
நீர்மட்டம்: இல்லை. ஏழாம் ஆணி: அளவு கிடைக்கவில்லை. அழுத்தமானிகள் நான்கும்: பூஜ்யம்.

குரல் செய்தி, மருதம் பம்ப் ஹவுஸ்: "அண்ணே, சகாயராணி பேசுதேன். குழாயில தண்ணி வரல. அண்ணே, கேக்குதா? வால்வுல செவப்புத் துணி கெட்டுனியளா இல்லியா? அண்ணே?"

தலைமையகம்: மண் அழுத்தம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. நன்றி.